மொடிபை கார்: ஒரு வரவு செலவுக் கணக்கு

34, 55, 76. 1959 முதல் 1964 வரை மினி கார் ஏறிய குதிரைவலுப் படிகள் இவை. அலெக் இஸிகோனிஸ் வரைந்த முதல் மினிக்கு 848 சிசி எஞ்சின், 34 குதிரைவலு. 1961இல் பந்தயக் கார் கட்டும் ஜோன் கூப்பர் கைவைத்தபோது 997 சிசி, 55 குதிரைவலு. 1964இன் 1275 சிசி கூப்பர் எஸ் காரில் 76. ஐந்தே ஆண்டில் வலு இரண்டு மடங்கையும் தாண்டிவிட்டது. கொழும்பில் பழைய கார் வைத்திருப்போரில் பலர் இந்த மூன்று இலக்கங்களையும் மனப்பாடமாகச் சொல்வார்கள். நான்காவது இலக்கம் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வோர் குறைவு. அது 7. 1961 கூப்பரின் முன்சக்கரங்களில் பூட்டிய டிஸ்க் பிரேக்கின் விட்டம் 7 அங்குலம். கூப்பர் எஸ்ஸில் அதை 7.5 அங்குலமாக்கினார்கள். 21 குதிரைவலுவைக் கூட்டியவர்கள் அதை நிறுத்துவதற்கான செலவையும் அதே பில்லில் எழுதினார்கள். அந்தக் கார்தான் 1964, 1965, 1967 ஆகிய ஆண்டுகளில் மொன்டே கார்லோ பந்தயத்தை வென்றது.

வேகத்துக்காக மாற்றியமைத்த காருக்கு மூல உணர்வு என்று ஒன்று உண்டென்றால் அது இந்தப் பில்லில் இருக்கிறது. சிறிய எஞ்சின், அளவான பணம், கையால் செய்த வேலை, கூட்டிய வலுவுக்கு ஏற்ற பிடிப்பு, ஏற்ற பிரேக். வெள்ளவத்தை மரீன் டிரைவில் மாலையில் வரிசையாக நிற்கும் கார்களையும் கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளில் இரவில் உறுமிக்கொண்டு போகும் கார்களையும் பார்க்கும்போது அந்தப் பில்லில் பாதி வரிகள் காணாமல் போய்விட்டதாகவே எனக்குப் படுகிறது. உணர்ச்சியால் சொல்லாமல் கணக்கால் சொல்ல முயல்கிறேன்.

முதலில் பழைய வரவு. 1960களிலும் 1970களின் பெரும்பகுதியிலும் இலங்கையில் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும்வரை, ஓடிக்கொண்டிருந்த காரை மேலும் ஓடவைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. அந்தக் காலத்தின் நாயகன் மொரிஸ் மைனர். அதுவும் இஸிகோனிஸின் வரைவே. 1948இல் 918 சிசி, 27.5 குதிரைவலு. 1956இல் 948 சிசி, 37. 1962இல் 1098 சிசி, 48. பின்னிரண்டும் மினிக்குள் இருந்த அதே ஏ வரிசை எஞ்சின் குடும்பம். அதனால் 37 குதிரைவலு மைனருக்குள் 48 குதிரைவலு எஞ்சினை இறக்குவது பட்டறைக்காரருக்குச் சிக்கலான வேலையாக இருக்கவில்லை. 11 குதிரைவலு, அதாவது 30 சதவீத உயர்வு, புதிதாக எதையும் கண்டுபிடிக்காமலே கிடைத்தது. பிறகு டட்சன் எஞ்சின்களும் டீசல் எஞ்சின்களும் மைனரின் முன்மூடிக்குள் நுழைந்தன. பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் கழற்றி எடுத்த எஞ்சின், ஆமர் வீதிப் பக்கம் லேத்தில் கடைந்த மவுண்ட், பட்டறை பாஸின் கைப்பக்குவம்: இவை மூன்றும்தான் மூலதனம். கொட்டாஞ்சேனையிலிருந்து பஞ்சிகாவத்தை சில கிலோமீற்றர்தான். ஒரு போல்ட் குறைந்தால் போய் வாங்கிவந்து அன்றே பூட்டிவிடலாம். அந்தத் திறமை இங்கு வேரூன்றியிருந்ததற்கு ஒரு சான்று: 1990களில் இங்கிலாந்தின் பாத் நகரிலிருந்த மொரிஸ் மைனர் மையத்துக்காக உதிரிப்பாகம் செய்த ‘டியூரபிள் கார்’ என்ற நிறுவனம் இயங்கியது இலங்கையில்தான். கார் பிறந்த நாட்டுக்கே இங்கிருந்து பாகம் போனது.

இதே காலத்தில் வடக்கில் நடந்ததை வெள்ளவத்தைத் தமிழ்க் குடும்பங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 1990இல் யுத்தம் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் போவது தடைப்பட்டது. ஒஸ்டின் ஏ40 கார்களும் மொரிஸ் மைனர்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை எழுப்பி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். எதனால் இது முடிந்தது? கணக்கு இருக்கிறது. 1947இன் ஏ40 காருக்கு 1200 சிசி, 40 குதிரைவலு, அமுக்க விகிதம் 7.2க்கு 1. மண்ணெண்ணெயின் ஒக்டேன் மிகக் குறைவு. அமுக்கம் கூடிய எஞ்சினில் அதை ஊற்றினால் நேரத்துக்கு முன்பே தீப்பற்றி எஞ்சின் தட்டும், பிஸ்டன் கெடும். 7.2 அளவில் அமுக்கம் இருந்தால் புகையோடும் நாற்றத்தோடும் சமாளித்து ஓடும். 1997இல் ஹொண்டா வெளியிட்ட சிவிக் டைப் ஆர் காரில் அமுக்க விகிதம் 10.8. ஒக்டேன் 95க்குக் குறைந்த பெற்றோலை ஊற்றவே அதன் சொந்தக்காரர் தயங்குவார். வலு குறைந்த பழைய கார் நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த காலம் அது. கார் மாற்றியமைத்தல் என்ற கலையின் வரலாற்றில் அந்த மண்ணெண்ணெய் மெக்கானிக்குகளுக்கு உரிய இடத்தை நாம் இன்னும் கொடுக்கவில்லை. கொடுத்தே ஆகவேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

அடுத்தது ஜப்பானியக் காலம். 1989இல் ஹொண்டாவின் பி16ஏ எஞ்சின் 1595 சிசியிலிருந்து 160 குதிரைவலு எடுத்தது. லீற்றருக்கு 100. டர்போ எதுவும் இல்லாமல் ஒரு சாதாரண வீதிக் காரில் அந்த எல்லையைத் தொட்டது அப்போது பெரிய செய்தி. 1997இன் டைப் ஆர் அதே 1595 சிசியில் 185, லீற்றருக்கு 116. ஆனால் கொழும்பின் தெருக்களை நிறைத்தவை அவற்றின் எளிய உறவுகளான ஈஜி8, ஈகே3 செடான்கள். ஈகே3இன் விடெக் எஞ்சின் 1493 சிசியில் 130 குதிரைவலு கொடுத்தது. எடை சுமார் 1050 கிலோ. பந்தயக் கார் வாங்க வசதியில்லாத, உழைத்துச் சம்பாதிக்கும் இளைஞனுக்குக் கிடைத்த உண்மையான வேகக் கார் அதுதான்.

ஒரு டொன் எடைக்கு எத்தனை குதிரைவலு என்று பார்த்தால் படம் தெளிவாகும். (ஜப்பானியக் குதிரைவலுவும் பிரித்தானியக் குதிரைவலுவும் சுமார் 1.4 சதவீதம் வேறுபடும். இந்தக் கணக்குக்கு அது பொருட்டில்லை.)

1959 மினி, 34 குதிரைவலு, சுமார் 600 கிலோ: 57
1964 கூப்பர் எஸ், 76 குதிரைவலு, சுமார் 650 கிலோ: 117
ஹொண்டா ஈகே3, 130 குதிரைவலு, சுமார் 1050 கிலோ: 124
ஹொண்டா டைப் ஆர் (1997), 185 குதிரைவலு, சுமார் 1070 கிலோ: 173
சுசுகி வகன் ஆர், 52 குதிரைவலு, சுமார் 790 கிலோ: 66

கடைசி வரியை ஏன் சேர்த்தேன் என்று கேட்கலாம். இன்று கொழும்பில் தாழ்த்தி, அகலச் சக்கரம் பூட்டி, சைலன்சர் மாற்றி நிற்கும் கார்களில் கணிசமானவை 658 சிசி வகன் ஆர் போன்ற சின்னக் கார்கள். அதில் பிழை இல்லை. மினி தொடங்கிய இடமும் 57தான். 66இல் தொடங்குபவருக்கு 117 எட்டாத உயரம் அல்ல. பிழை எங்கே என்றால், போடுகிற பணம் அந்த 66ஐ 70 ஆக்கக்கூடப் போவதில்லை.

சக்கரத்தை எடுத்துக்கொள்வோம். 14 அங்குல ரிம்மில் 185/60 டயர் போட்ட காருக்கு 17 அங்குல அலோய் வீலும் 205/40 டயரும் பூட்டுகிறார்கள். முதல் டயரின் பக்கச்சுவர் உயரம் 185இல் 60 சதவீதம், 111 மில்லிமீற்றர். இரண்டாவதின் உயரம் 205இல் 40 சதவீதம், 82 மில்லிமீற்றர். பள்ளத்தைத் தாங்குகிற ரப்பரில் 29 மில்லிமீற்றர் போய்விட்டது. மொத்த விட்டம் 578 மில்லிமீற்றரிலிருந்து 596 ஆகிறது, 3 சதவீதம் கூடுதல். அதாவது ஒவ்வொரு கியரிலும் வீதியைத் தள்ளும் விசை 3 சதவீதம் குறைகிறது. காசு கொடுத்து இழுவையை விற்றாயிற்று. வேகமானி 50 காட்டும்போது கார் 51.6இல் போகிறது.

ஸ்பிரிங் கதை இதைவிட வருத்தமானது. காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கையே வெட்டுகிறார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு, வேலைசெய்யும் சுற்றுகளின் எண்ணிக்கைக்கு எதிர்விகிதமானது. 6 சுற்றில் 1ஐ வெட்டினால் விறைப்பு 20 சதவீதம் கூடும். அந்த 20 சதவீதத்தை அடக்க வேண்டிய ஷொக் அப்சோபர் மட்டும் பழையதாகவே இருக்கும். மேடு ஏறி இறங்கிய கார் குதித்துக்கொண்டே போவது இதனால்தான். குதிக்கும் டயருக்கு வீதியில் பிடிப்பு இல்லை, பிடிப்பில்லாத டயரை எந்தப் பிரேக்காலும் நிறுத்த முடியாது.

சத்தத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஒலியின் அளவு 3 டெசிபல் கூடினால் ஒலிச்சக்தி இரட்டிப்பாகிறது, 10 கூடினால் பத்து மடங்காகிறது. எஞ்சினின் காற்றுவழி, கேம், எரிபொருள் அமைப்பு எதையும் தொடாமல் பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றினால், 1000 சிசிக்கு உட்பட்ட எஞ்சினில் வலுவில் கிடைக்கும் லாபம் ஓட்டுபவர் உணர முடியாத அளவு சிறியது. பக்கத்து வீட்டுக் குழந்தை உணரும். அரசின் ‘கிளீன் ஸ்ரீலங்கா’ திட்டம் தொடங்கிய 2025 ஜனவரியில் பொலிஸார் பஸ்களிலும் முச்சக்கர வண்டிகளிலும் அனுமதியற்ற அலங்காரங்களைக் கழற்றத் தொடங்கியபோது பெரும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பில் நியாயமான பகுதியும் இருந்தது. ஆனால் இரவு 11 மணிக்கு ஜம்பட்டா வீதி வழியாகத் திறந்த சைலன்சரோடு போவதை எந்தக் கலையின் பெயராலும் நியாயப்படுத்த என்னால் முடியவில்லை.

இப்போது நிறுத்தத்தின் கணக்கு. நல்ல டயர், உலர்ந்த வீதி, 50 கிலோமீற்றர் வேகம். பிரேக் பிடித்தபின் கார் ஓடும் தூரம் சுமார் 12 மீற்றர். அதற்கு முன் ஓட்டுநர் சுதாரிக்க ஒரு வினாடி எடுத்தால் 14 மீற்றர் போய்விடும். மொத்தம் 26. அதே கார் 80இல் வந்தால் பிரேக் தூரம் 31 மீற்றர், சுதாரிப்பு 22, மொத்தம் 53. வேகம் கூடியது 60 சதவீதம், தூரம் கூடியதோ இரட்டிப்பு. தேய்ந்த டயரும் நனைந்த வீதியும் சேர்ந்து பிடிப்பைப் பாதியாக்கினால் பிரேக் தூரங்கள் இரண்டும் இரட்டிப்பாகிச் சுமார் 25, 63 என்று நிற்கும். கொழும்பில் ஆண்டுக்குச் சுமார் 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. காலி வீதியில் வெள்ளவத்தைப் பாதசாரிக் கடவையில் நிற்கும் பெண்மணிக்கு உங்கள் காரின் குதிரைவலு எத்தனை என்பது தேவையில்லை. இந்த மீற்றர்கள்தான் தேவை. நாட்டில் வீதி விபத்துகளில் ஆண்டுதோறும் 2,000க்கும் மேற்பட்டோர் சாகிறார்கள்.

கட்டுநாயக்க அதிவேகப் பாதை 25.8 கிலோமீற்றர். சட்டப்படி 100இல் போனால் 15 நிமிடம் 29 வினாடி. 140இல் போனால் 11 நிமிடம் 3 வினாடி. மிச்சம் 4 நிமிடம் 26 வினாடி. இதற்காகக் கார் சுமக்கும் இயக்கச் சக்தி 1.96 மடங்காகிறது, பிரேக் தூரம் 49 மீற்றரிலிருந்து 96 ஆகிறது. நான்கரை நிமிடத்துக்கு இந்த விலையை நான் கொடுக்கமாட்டேன்.

வேகத்துக்கு உரிய இடங்கள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. நுவரெலியாவின் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயம் 1934இல் தொடங்கியது. தியத்தலாவையில் பொக்ஸ் ஹில் பந்தயத் தடம் இருக்கிறது, கட்டுக்குருந்தையில் பழைய விமான ஓடுபாதை இருக்கிறது. மஹகஸ்தோட்டை ஒரு கண்டிப்பான ஆசிரியர். நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கொழும்பைவிடச் சுமார் 16 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத 130 குதிரைவலுக் கார் அங்கே போய்ச் சேரும்போது ஏறக்குறைய 109 குதிரைவலுக் காராகிவிடும். கார்பரேட்டர் காலத்தில் கொழும்பிலிருந்து போனவர்கள் சிறிய ஜெட் பூட்டி மீண்டும் டியூன் செய்தே ஓட்ட வேண்டியிருந்தது. எஞ்சினுக்குள் என்ன நடக்கிறது என்று தெரியாதவருக்கு அங்கே வேலை இல்லை. அலங்காரத்துக்கும் அங்கே நேரம் கிடைக்காது. கடிகாரம் மட்டும்தான் தீர்ப்புச் சொல்லும். மொடிபை காரின் ஆன்மா இன்னும் எங்கேயாவது முழுசாக உயிரோடிருந்தால் அது இப்படிப்பட்ட இடங்களில்தான்.

காசுப் பக்கத்துக்கு வருவோம். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்குக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரி 1. ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள். நடுவில் 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு ஜனவரியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 177 ரூபா. ஜூன் 26இல் 470, 95 ஒக்டேன் 550. ஆறு மாதத்தில் 2.66 மடங்கு. பிறகு எரிபொருள் பங்கீட்டுக்கான கியூஆர் அட்டை வந்தது, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடும் கார் வைத்திருந்தவருக்கு வாரம் 200 கிலோமீற்றர். வெள்ளவத்தையிலிருந்து நுவரெலியா போய்வர ஏறக்குறைய 340 கிலோமீற்றர், 34 லீற்றர். ஒரு வாரப் பங்கில் போனால் திரும்பி வரமுடியாது. 2025 ஜூலையில் 92 ஒக்டேன் 305 ரூபா. அதே பயணத்துக்கு அப்போது பெற்றோல் மட்டும் 10,370 ரூபா.

உதிரிப்பாகத்தின் விலை இன்னும் கூர்மையானது. ஜப்பானிலிருந்து 1,000 டொலருக்கு ஒரு ஷொக் தொகுதி வரவழைக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். 2022 மார்ச் தொடக்கத்தில் டொலர் சுமார் 203 ரூபா, பெறுமதிசேர் வரி 8 சதவீதம். மொத்தம் 2,19,240 ரூபா. 2025இல் டொலர் சுமார் 300, வரி 18 சதவீதம். மொத்தம் 3,54,000. சுங்க வரியும் மற்றவையும் சேர்க்காமலே 61 சதவீத உயர்வு. சம்பளம் அந்த அளவு ஏறியதா என்று ஒவ்வொருவரும் தம் வீட்டுக் கணக்கில் பார்த்துக்கொள்ளட்டும்.

புதிய வேகக் காரை இறக்கலாமே என்றால், அந்த வாசல் சாதாரணக் குடும்பத்துக்கு மூடியே இருக்கிறது. 2025இல் கதவு திறந்தபோது சுங்க வரி 20 சதவீதம், அதன்மேல் அதில் பாதியளவு மேலதிக வரி, ஆக 30 சதவீதமாக இருந்தது. உற்பத்தி வரி ஒவ்வொரு சிசிக்கும் இத்தனை ரூபா என்று கணக்கிடப்படுகிறது, எஞ்சின் பெரிதாகப் பெரிதாக அந்த வீதமும் ஏறுகிறது. பிறகு ஆடம்பர வரி, பிறகு 18 சதவீதப் பெறுமதிசேர் வரி. பழைய சிவிக்கை ஜப்பானில் மலிவாகப் பிடித்து அனுப்பவும் முடியாது. 2025இல் வந்த விதிப்படி மூன்று ஆண்டுக்கு மேற்பட்ட காருக்கு அனுமதி இல்லை. ஆகவே இலங்கையில் இருக்கிற ஈகே3களும் மினிகளும் மைனர்களும் புதிதாகச் சேராத, குறைந்துகொண்டே போகிற கையிருப்பு. நாட்டில் பதிவான வாகனங்கள் 80 இலட்சத்துக்கு மேல். அதில் கார்கள் 10 இலட்சத்துக்கும் குறைவு, முச்சக்கர வண்டிகளோ 11 இலட்சத்துக்கு மேல். அந்தச் சிறிய பங்கிலும் சிறியது இந்தப் பழைய ஜப்பானியக் கார்களின் பங்கு. ஒன்றை நாசமாக்கினால் இன்னொன்று வராது. 

கையிருப்பு குறைந்தால் நடப்பதுதான் நடக்கிறது. கார் பாவனைப் பொருளாக இருந்தது போய்ச் சேமிப்புப் பொருளாகிவிட்டது. பழைய காரில் சிங்கள ‘ஸ்ரீ’ எழுத்துள்ள இலக்கத்தகடு இருந்தால் அதற்கே தனி மதிப்பு. 1950களின் பிற்பகுதியில் எந்த எழுத்தை எதிர்த்துத் தமிழ்ப் பகுதிகளில் போராட்டம் நடந்ததோ, அதே எழுத்து இன்று விலை ஏற்றும் அடையாளமாக நிற்கிறது. எஞ்சினைத் திறந்து வேலைசெய்த பாஸின் மகன் வெளிநாடு போய்விட்டான். அந்த லேத்துக்குப் பதில் பெட்டியில் வருகிற பாகம் வந்துவிட்டது. பெட்டியில் வருவது தரமானதாகவும் இருக்கலாம். ஆனால் பூட்டுகிறவருக்கு அது ஏன் வேலைசெய்கிறது என்று தெரியவேண்டிய அவசியம் இல்லை. இழப்பில் பெரிய இழப்பாக நான் கருதுவது இதைத்தான்.

இந்தப் போக்கு கொழும்பில் பிறந்ததல்ல. கலிபோர்னியாவின் வறண்ட ஏரிப் படுகைகளில் 1930களில் இளைஞர்கள் 1932 மொடல் போர்ட் வி8 கார்களின் மட்கார்டைக் கழற்றி எடை குறைத்து ஓட்டினார்கள். அந்த எஞ்சின் 3.6 லீற்றர், 65 குதிரைவலு. அந்தப் பந்தயங்களுக்கான சங்கம் 1937இல் அமைந்தது. ‘ஹொட் ரொட்’ சஞ்சிகை 1948 ஜனவரியில் வெளிவந்தது. அமெரிக்காவின் மிக அழகிய ரோட்ஸ்டர் என்ற விருது 1950இலேயே கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அந்தச் சஞ்சிகை பிறந்து இரண்டே ஆண்டில் அழகுக்கு வெற்றிக்கிண்ணம்! பிற்காலத்தில் காட்சிக்காகவே கட்டிய கார்கள் கோடிக்கணக்கில் விலைபோயின. ஜப்பானில் 1983இன் டொயோட்டா ஏஇ86, 1587 சிசி, 130 குதிரைவலு, சுமார் 940 கிலோ, மலைப்பாதை இளைஞர்களின் மலிவுக் காராக இருந்தது. 1995இல் ‘இனிஷியல் டி’ சித்திரக்கதை வந்து அதைப் புகழ்பெறச் செய்தபின் விலை ஏறி, அந்த இளைஞர்களுக்கே எட்டாமல் போனது. மலிவான காரை வேகமாக்குவார்கள், வேகம் புகழைத் தரும், புகழ் விலையை ஏற்றும், பிறகு மலிவு போய்விடும். எல்லா நாட்டிலும் இதே சுற்று.

நம் நாட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது. இப்போது இறங்கும் மின்சாரக் கார்கள். பிவைடி அட்டோ 3 காரின் 150 கிலோவாட் வகையில் மோட்டார் 204 குதிரைவலு. எடை 1,750 கிலோ. டொன்னுக்கு 117, அறுபதாண்டுக்கு முந்திய கூப்பர் எஸ்ஸின் அதே எண். ஈகே3இன் 124க்குக் கொஞ்சம் கீழே. ஆனால் மின்மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு முறுக்குவிசையைத் தருவதால், சிக்னலில் பச்சை விழுந்ததும் பிள்ளைகளைப் பாடசாலைக்கு ஏற்றிச்செல்லும் அந்தக் குடும்பக் கார், பலகாலம் பணம் போட்டு மாற்றியமைத்த சிவிக்கை முந்திவிடும். இதைக் கண்டு சிலர் மனமுடைகிறார்கள். எனக்கு இதில் ஒரு விடுதலை தெரிகிறது. நேர்கோட்டு வேகம் இனிக் கடையில் கிடைக்கும் சாமான். கையால் செய்தவருக்கு மிஞ்சுவது வளைவில் கார் நடந்துகொள்ளும் விதம், பிரேக்கின் உணர்வு, எடைக் குறைவு, தான் கட்டியதைத் தானே அறிந்திருக்கும் அறிவு. இவை கடையில் கிடைப்பதில்லை. 1961இன் கூப்பர் பில்லில் இருந்தவையும் இவைதான்.

எனவே என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். கொழும்பின் மொடிபை கார் தன் மூல உணர்வை இழந்துகொண்டிருக்கிறது. காசில்லாததாலோ, வரியாலோ, மின்சாரக் காராலோ அது நடக்கவில்லை. மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்களுக்கு இதைவிடக் குறைவாகவே கையில் இருந்தது. செலவு வரிசை தலைகீழானதால் நடக்கிறது. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும் முதலில், பிறகு எஞ்சின், கடைசியில் மிஞ்சினால் பிரேக். என்னைக் கேட்டால் 100 ரூபாயில் 30 டயருக்கும் சக்கர ஒழுங்குக்கும், 25 பிரேக்குக்கும், 20 ஷொக், புஷ், ஸ்பிரிங் ஆகியவற்றுக்கும், 15 எஞ்சினின் குளிர்ச்சிக்கும் பராமரிப்புக்கும் போகட்டும். மீதிப் 10இல் வலு கூட்டுங்கள். அந்த 10ஐ ஒவ்வொரு ஆண்டும் போட்டால் ஐந்தாண்டில் காரும் வேகமாகியிருக்கும், ஓட்டுபவரும் பழகியிருப்பார்.

வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைத் தம்பிமாரிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த அலோய் வீலுக்குச் சேர்த்த காசிலிருந்து முதலில் பிரேக் ஒயிலை மாற்றுங்கள். டொட் 4 வகை ஒயிலின் கொதிநிலை புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியஸ். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சியபின் அது 155க்கு இறங்கலாம். கடற்கரையோரக் கொழும்பில் அந்த ஈரம் சீக்கிரமே ஏறும். ஆட்களோடு 1,200 கிலோ இருக்கும் கார் நுவரெலியாவிலிருந்து கடல் மட்டத்துக்கு இறங்கும்போது கரைக்க வேண்டிய சக்தி, 100 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 47 தடவை முழுசாக நிறுத்துவதற்குச் சமம். எஞ்சினும் காற்றும் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும், மீதி முழுவதும் பிரேக்கில் சூடாக இறங்கும். ஒயில் கொதித்தால் மிதி தரைவரை போகும், கார் நிற்காது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். கடைசியாக மாற்றிய திகதியை முன்மூடியின் உள்பக்கத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.